கால் இளகும்வரை

மாவு ஊறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் வெதுவெதுப்பான தண்ணீர், தண்ணீருக்குள் கைக்குழந்தை மித்துவின் வலது கால். தொடைவரைக்கும் கெட்டித்துக் கிடந்த வெள்ளை மாவுக்கட்டின்மேல் நாகஜோதி ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து விட்டாள். ஓரத்தில் ஒரு நுனி மட்டும் அகப்பட்டுவிட்டால் போதும், அப்புறம் சுற்றுச் சுற்றாகக் கழன்று வந்துவிடும். ஒவ்வொரு வாரமும் இதே குழாயடி, இதே வாளி. பழைய கட்டைத் தாய்மார்கள் ஊறவைத்துக் கழற்றிக் காலைக் கழுவிக்கொண்டு போகவேண்டும், உள்ளே புதுக்கட்டுப் போடுவார்கள். நுனி அகப்படவில்லை. அகப்படாமலே இருந்தால்கூட நல்லதுதான் என்று ஒரு நினைப்பு ஓடியது. நுனி வந்தால் கட்டு கழலும், கட்டு கழன்றால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் அந்தச் சின்ன அறைக்குள் போகவேண்டும், போனால் இன்றைக்கு வெட்டு. வெட்டு என்று டாக்டர் சொல்லவில்லை. குதிகாலுக்கு மேல பின்பக்கம் கயிறு மாதிரி ஒரு நார் இருக்கும்மா, மத்ததெல்லாம் சொன்னபடி திரும்பிருச்சு, அது மட்டும் குட்டையா நின்னுக்கிட்டு குதிகாலைக் கீழ இறங்கவிட மாட்டேங்குது, அதை லேசா விட்டுவிடணும், என்றுதான் போன வாரம் சொன்னார். விட்டுவிடுவது என்றால் எதை வைத்து விடுவார், விரலாலா? கேட்கவில்லை. கேட்க வாய் வந்தால் அவள் நாகஜோதியே இல்லை. தலையை ஆட்டினாள், சரி என்று ஆட்டினாளா வேண்டாம் என்று ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியாது, டாக்டர் சரி என்று எடுத்துக்கொண்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். தண்ணீர் பால் நிறமாகிவிட்டது. பால். அதை நினைத்ததும் மார்பு கனத்தது. அதுதான் இன்றைக்குப் பெரிய காரியம், கத்தி அதற்குப் பின்னால்தான். கத்தியை டாக்டர் பார்த்துக்கொள்வார். பாலை அவளல்லவா பார்க்கவேண்டும், அத்தனை பேர் நிற்கிற இடத்தில்.

பிறந்த அன்றைக்கு நர்ஸ் துணி சுற்றித்தான் கையில் கொடுத்தாள். நாகஜோதி முகத்தைப் பார்த்தாள், மூடின கண்ணைப் பார்த்தாள், கைவிரலை ஒவ்வொன்றாய் விரித்துப் பார்த்தாள், கால்வரைக்கும் போகவே இல்லை, முகமே அவளுக்குத் தாங்காத சொத்தாக இருந்தது. நாத்தனார் ராக்கம்மாள்தான் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, “அய்யய்ய, இதென்னடி பாதம் உள்ளாற பாத்துக் கெடக்கு” என்றாள். வலது பாதம் உள்ளே மடங்கி, உள்ளங்கால் இடது காலைப் பார்த்துக்கொண்டு, குதிகால் மேலே ஏறிப்போய் ஒளிந்துகொண்டிருந்தது. அக்காளிடம் ரகசியம் சொல்லப் போகிற தங்கச்சி மாதிரி இருக்கிறது என்று நாகஜோதிக்குத் தோன்றியது, அப்படித் தோன்றியதற்கே பயமாகவும் இருந்தது, பெற்றவளுக்கு இப்படியா தோன்றும். அன்றைக்கே ராக்கம்மாள் கேட்டாள், “கிரகணத்தன்னிக்கு நீ என்னடி செஞ்ச?” ஒன்றும் செய்யவில்லை மதினி. “எதையாச்சும் முறுக்குனியா, மடக்குனியா, வளைச்சியா?” இல்லை மதினி. ஆனால் செய்திருந்தாள். திராட்சைத் தோட்டத்துக்குள்தான் வீடு, ஜன்னலுக்கு வெளியே பந்தல். கிரகணம் முடிகிறவரைக்கும் கையும் காலும் நீட்டி மல்லாந்து படுத்திரு என்று ராக்கம்மாள் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், படுத்துத்தான் இருந்தாள், ஜன்னல் கம்பிக்கு நேராக ஒரு இளங்கொடி பந்தலிலிருந்து நழுவித் தொங்கியது. நாளெல்லாம் அதே வேலை செய்த கை. கொடி தொங்கினால் எடுத்துக் கம்பியில் ஒரு முறுக்குக் கொடுத்து ஏற்றிவிடும், யோசிக்காது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஒரே ஒரு முறுக்கு. அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம் சொல்லவில்லை. பிள்ளையின் காலைத் தடவும்போதெல்லாம் அந்தக் கொடி விரலில் வழுக்கும், பச்சைப்பசேல் என்று, நுனியில் சுருள் விட்டுக்கொண்டு. அந்தக் கொடி நன்றாகத்தான் காய்த்தது. அது வேறு.

“இந்தா, நுனி வந்துருச்சு பாரு, தூங்குறியா?” ராக்கம்மாள் குனிந்து இழுத்தாள். கட்டு சளசளவென்று பிரிந்து வந்தது. பக்கத்து வாளியில் ரஹ்மத் இருந்தாள், கைப்பிள்ளைக்காரி, மூத்தவளுக்கும் இங்கேதான் பார்த்தாள், இப்போது சின்னவனுக்கும். கறுப்பு புர்காவுக்குள் எங்கேயோ பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது, சப்புக்கொட்டுகிற சத்தம் மட்டும் வெளியே வந்தது. நாகஜோதிக்கு அந்தப் புர்காவின்மேல் ஒரு பொறாமை, அதற்குள் ஒரு வீடே இருக்கிற மாதிரி. ராக்கம்மாள் சும்மா இருப்பாளா, “உங்க பிள்ளைக்கு எதுனால வந்துச்சு? எங்க தம்பி பொண்டாட்டி கிரகணத்துல என்னத்தையோ செஞ்சு வச்சிருக்கா, கேட்டா வாயில கொழுக்கட்டை” என்று ஆரம்பித்துவிட்டாள். ரஹ்மத் சிரித்துவிட்டாள். “நாங்க கிரகணம்னா தொழுவோம்ல. நான் வீட்டுக்குள்ளயே நேரா நின்னு, நேரா குனிஞ்சு, நேரா எந்திரிச்சேன். ஒரு துணியைக்கூட பிழியல. என் மூத்ததுக்கு ரெண்டு காலும்ல வளைஞ்சு வந்துச்சு.” “அதென்னமோ” என்றாள் ராக்கம்மாள். “கிரகணம் இல்லாத வருசத்துல பெறந்த பிள்ளையும் இங்க வருதுக்கா. டாக்டர்ட்ட கேட்டேன். வயித்துக்குள்ளயே அப்படி வளந்துருது, ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியாதும்மா, நீ செஞ்சு வரலேன்னு மட்டும் தெரியும்ன்னாரு” என்றாள் ரஹ்மத். அந்த மூத்தது, நஸ்ரீன், குழாயடியைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, ரெண்டு காலும் தரையில் பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டு, கொலுசு ஒரு பக்கம் கழன்று. ராத்திரி மட்டும் கம்பி வைத்த பூட்ஸ் போட்டுப் படுக்கவைக்கிறாளாம், பகலில் பிடிக்க ஆளில்லையாம். நாகஜோதி அதன் காலையே பார்த்தாள். வளைவு எங்கே இருந்தது என்று தேடினாள், அகப்படவில்லை. நீ செஞ்சு வரல. டாக்டர் அதை ரஹ்மத்துக்குச் சொன்னார், தனக்குச் சொல்லவில்லை, தனக்குச் சொல்லாததைத் தான் எடுத்துக்கொள்ளலாமா? கேட்டிருந்தால் தனக்கும் சொல்லியிருப்பார். கேட்டால்தானே. ஆனாலும் அந்த முறுக்கு எங்கேயோ ஒரு சுற்று தளர்ந்தது, முழுக்கக் கழலவில்லை, ஊறுகிறது.

கேட்காமலே போன காரியங்கள் எத்தனை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார், “நாகஜோதி யாரு, எந்திரி” என்பார், அவள் ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருப்பாள். வகுப்பே சிரிக்கும். ஏழாவதோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம், அதை வீட்டில் சொல்லவில்லை, வீட்டில் கேட்கவும் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிறபோது சுவரைப் பார்த்துத் திரும்பி, முந்தானையைத் தலைவழியே போட்டு, மூச்சு முட்ட உட்கார்ந்திருப்பாள், ராக்கம்மாள் வந்தால்கூட. ராக்கம்மாள்தான் அதற்கு உரம் போட்டாள். “அடுத்த ஆளு கண்ணு பட்டா பால் கட்டிக்கும்டி, அப்புறம் பிள்ளை பட்டினிதான்.” ஆகையால் முதல் கட்டுப் போட்ட அன்றைக்கு அந்த அறையில் துரைக்கண்ணு அண்ணன், மாவுக்கட்டுப் போடுகிறவர், “பாலைக் குடும்மா, பால் குடிக்கிற பிள்ளை காலை மறந்துரும், நமக்கு வேலை லேசு” என்றபோது அவள் தரைக்குள் போய்விடப் பார்த்தாள். டாக்டரும் ஆண், கட்டுப் போடுகிறவரும் ஆண், டாக்டருக்குப் படிக்கிற பையன்கள் வேறு ரெண்டு பேர் சுவரோரம். “நான் காலை மட்டும்தாம்மா பாப்பேன், வருசக்கணக்கா பாக்குறேன், வழியில ஆளைப் பாத்தா எனக்கு அடையாளம் தெரியாது, காலைக் காட்டுனாத்தான் யாருன்னு சொல்லுவேன்” என்று துரைக்கண்ணு அண்ணன் சிரிக்கவும் வைத்துப் பார்த்தார். சிஸ்டர் பையன்களை வெளியே அனுப்பினாள். அப்போதும் மாட்டாள். வீட்டிலேயே அவள் பீய்ச்சிக் கொண்டுவந்த பாலை ராக்கம்மாள் பாலாடையில் புகட்டினாள். அழுகிற வாயில் பாலாடை என்ன செய்யும், புரையேறியது, பிள்ளை நீலம் பாரித்துக் கத்தியது, கால் உலக்கை மாதிரி விறைத்துக்கொண்டது. டாக்டர் காலைப் பிடித்துக்கொண்டே காத்திருந்தார். இழுக்கவில்லை. அதுதான் அவளுக்கு அப்போது விளங்கவில்லை, இத்தனை பெரிய ஆள், ஒரு இழுப்பு இழுத்தால் நேராகிவிடாதா, ஏன் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறார்? “விறைச்ச காலுக்குக் கட்டுப் போட்டா நிக்காதுப்பா” என்று மட்டும் துரைக்கண்ணுவிடம் சொன்னார். நிற்கவில்லைதான். ஒன்றுவிட்டு ஒரு வாரம் கட்டு கீழே நழுவியது, விரல்கள் உள்ளே போய்விட்டன. ஒருமுறை நீலமாகவே ஆகி, பஸ் பிடித்து ஓடிவந்தார்கள். திரும்பின கால் மறுபடி உள்ளே போனது, டாக்டர் மறுபடி ஆரம்பித்தார், முகம் சுளிக்காமல். மற்ற பிள்ளைகள் கட்டு முடிந்து பூட்ஸுக்குப் போய்விட்டன. மித்து இன்னும் மாவில்தான். அவள் கூச்சத்துக்குப் பிள்ளை வாரம் வாரம் வட்டி கட்டுகிறது என்று எங்கோ உள்ளே ஒரு குரல் சொல்லும், நாகஜோதி அதையும் முந்தானையால் மூடிவிடுவாள்.

போன வாரம் டாக்டர் அதைத்தான் சொன்னார், மெதுவாக, கோபமில்லாமல், கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. “இங்கயே செய்யலாம்மா. மரத்துப்போக மருந்து போட்டு, கொஞ்ச நேர வேலை. ஆனா பிள்ளை ஆடக்கூடாது. இந்த மாதிரி உதைச்சுதுன்னா நான் இங்க கத்தி எடுக்க மாட்டேன். பெரிய ஊருக்கு அனுப்பிருவேன், முழுசா மயக்கம் குடுத்துத்தான் செய்வாங்க. அதுவும் நல்லாத்தான் செய்வாங்க. ஆனா அது பெரிய அலைச்சல், இத்தனூண்டு பிள்ளைக்கு மயக்கம் குடுக்காம முடியும்னா எனக்கு சந்தோசம். நீங்க பால் குடுத்துக்கிட்டே இருந்தீங்கன்னா முடியும். யோசிச்சிட்டு வாங்க.” யோசித்தாள். வாரம் பூராவும் யோசித்தாள் என்று சொல்லமுடியாது, யோசனை செக்கு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றியது, மயக்கம், பால், கண்ணு, கத்தி, மயக்கம். ஏலத்தோட்டத்தில் ஜீப் ஓட்டுகிற புருஷனிடம் போனில் சொன்னாள். மலையில் சிக்னல் விட்டு விட்டு வரும். வெட்டணுமாம் என்று சொன்னாள், பாலைப் பற்றி எப்படிச் சொல்வது, விட்டுவிட்டாள். “நான் அங்க இல்ல. நீதான் வாராவாரம் பாக்குற. உனக்கு எது சரின்னு படுதோ செய்யி” என்றான். அதற்குமுன்னால் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. எந்தப் புடவை, என்ன குழம்பு, எந்த பஸ் என்றுகூட. முதல்முதலாகக் கொடுத்த பொறுப்பு இவ்வளவு பெரிதாகவா இருக்கவேண்டும். ராக்கம்மாள் ஒரே பேச்சாக, “பச்சப்பிள்ளை மேல கத்தி வைக்க விடாத. கொண்டாந்துரு. நொண்டுனா நொண்டிட்டுப் போகுது, உசுரு இருக்கும்ல” என்றாள். சொல்லிவிட்டுத்தான் விடியுமுன்னே எழுந்து பிள்ளைக்குத் துணியெல்லாம் எடுத்து வைத்துத் துணைக்கும் கிளம்பினாள், அதுதான் ராக்கம்மாள்.

கழுவின காலைத் துண்டில் பொதிந்துகொண்டு உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ரஹ்மத்தும் பிள்ளைகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் பலகை. எ-லு-ம்-பு மூ-ட்-டு ம-ரு-த்-து-வ-ப் பி-ரி-வு. வாராவாரம் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள், வாராவாரம் அதே இடத்தில் தட்டுகிறது, எலும்பு மூட்டு என்று ஏன் ரெண்டாகப் போட்டிருக்கிறார்கள், மூட்டும் எலும்புதானே? முன்னெல்லாம் எலும்பு டாக்டர் என்றால் உடைந்த ஆட்களுக்கு என்றுதான் நினைத்திருந்தாள், பைக்கிலிருந்து விழுந்தவன், தென்னையிலிருந்து விழுந்தவன், ரம்பமும் ஆணியும் சுத்தியலும். இந்தத் தாழ்வாரத்திலும் அவர்கள்தான் அதிகம். ஒரு ஆள் காலுக்கு வெளியே கம்பி கம்பியாய் மாட்டிக்கொண்டு, அதில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டு இருக்கிறான். ஆனால் மித்துவின் காலை டாக்டர் பிடிப்பது அப்படியில்லை. அதை அவள் அழுகைச் சத்தத்துக்கு நடுவிலும் கவனித்திருக்கிறாள், முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் கையையே பார்த்ததால் கையை நன்றாகத் தெரியும். கட்டைவிரலைப் பாதத்தின் வெளிப்பக்கம் ஒரு மேட்டில் வைப்பார், மற்ற விரல்களால் பாதத்தின் முன்பாதியைத் தாங்குவார், அப்புறம் ஒன்றும் செய்யாத மாதிரி நிற்பார். உற்றுப் பார்த்தால்தான் தெரியும், பாதம் வெளியே திரும்பிக்கொண்டிருக்கும், பூசணிப்பூ விரிகிற வேகத்தில். ஒரு இடத்தில் நிறுத்திவிடுவார். “இதுக்கு மேல இன்னிக்கு விடாது. விடுற அளவுக்குத்தான் நம்ம போகணும், மிச்சத்தை ஒரு வாரம் கட்டு பாத்துக்கும்.” ஒருநாள் படிக்கிற பையன்களிடம் சொன்னார், அவளுக்கும் கேட்கட்டும் என்றோ என்னவோ தமிழிலேயே சொன்னார், இது இன்னும் எலும்பே இல்லப்பா, குருத்து, இளநீர் வழுக்கை முத்தித் தேங்காயாகிற மாதிரி போகப்போகத்தான் எலும்பாகும், முத்துறதுக்குள்ள வழி காட்டிட்டோம்னா அது பாட்டுக்கு அந்த வழியில முத்திக்கும். அன்றைக்கு ராத்திரி சாதம் பிசையும்போது அதையே நினைத்தாள். அப்படியானால் இவர்கள் உடைக்கிறவர்களும் இல்லை, ஒட்டவைக்கிறவர்களும் இல்லை, வழி காட்டிவிட்டுக் காத்திருக்கிறவர்கள். மூட்டு என்பதும் அதுதானோ, ஒரு எலும்பு இன்னொரு எலும்புக்கு வழிவிடுகிற இடம். விடாவிட்டால் ரெண்டும் எலும்புதான், ஆனால் நடக்கமுடியாது. தானும் மதினியும் ஒரே அடுப்படியில் இருக்கிற மாதிரி என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. “என்னடி இளிப்பு, உள்ள கத்தி தீட்டுறான்” என்றாள் ராக்கம்மாள்.

கத்தி. வெட்டினால் அந்த நார் என்ன ஆகும்? தொங்குமா? பிள்ளை வளர வளர பின்னால் ஒன்றுமில்லாமல் நடக்குமா? திராட்சைக்குக் கவாத்து வெட்டுகிற நாள் ஞாபகம் வந்தது. பந்தல் முழுக்கப் பச்சையாய் இருந்ததை மொட்டையாக வெட்டிப்போடுவார்கள், புதிதாய் வந்தவர்கள் பார்த்தால் கொன்றுவிட்டார்கள் என்று நினைப்பார்கள். வெட்டின வாயில் தண்ணீர் சொட்டும், கொடி அழுகிறது என்று சொல்வார்கள், காலையில் பந்தலுக்குக் கீழே போனால் மழை பெய்த மாதிரி தலையில் விழும். அப்புறம் ஒருநாள் பார்த்தால் ஒவ்வொரு வெட்டுக்குப் பக்கத்திலும் ஒரு கண் விழித்திருக்கும். ஆனால் பட்டுப்போன கொடியும் உண்டு. அதையும் பார்த்திருக்கிறாள். தப்பான இடத்தில் வெட்டினது, ஆழமாய் வெட்டினது, காய்ந்து கம்பியில் தொங்கும். கொடி வேறு பிள்ளை வேறு. ரஹ்மத்திடம் கேட்டுவிடலாம். கேட்கலாம், இவள் பொம்பளைதானே, பக்கத்தில்தானே இருக்கிறாள். தொண்டையைச் செருமினாள். “அக்கா.” ரஹ்மத் திரும்பவில்லை. தனக்கே கேட்காத மாதிரிக் கூப்பிட்டால் அவளுக்கு எப்படிக் கேட்கும். “அக்கா, அந்த நார்... வெட்டுனது... மறுபடி?” ரஹ்மத் திரும்பி அவளை அதிசயமாகப் பார்த்தாள், இத்தனை வாரத்தில் கேட்கிற முதல் குரல். “வளந்துரும். கட்டுக்குள்ளயே நீளமா ஒட்டிக்கிட்டு வளந்துரும், அதுக்குத்தான் அந்தக் கடைசிக் கட்டை மட்டும் ரொம்ப நாளு விட்டுவைக்கிறது.” ஓடிக்கொண்டிருந்த நஸ்ரீனை எட்டிப் பிடித்துக் கவிழ்த்து, கோழியைப் பிடிக்கிற மாதிரி காலைத் தூக்கி, “இந்தா தொட்டுப் பாரு” என்றாள். நாகஜோதி தொட்டாள். குதிகாலுக்கு மேலே, தோலுக்கு அடியில், கிண்ணென்று ஒரு கயிறு. பிள்ளை கூச்சத்தில் உதைத்துக்கொண்டு சிரித்தது, உதைக்கும்போது அந்தக் கயிறு விரலுக்கடியில் ஓடியது. வெட்டின தழும்புகூட இல்லை, கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி. விரலை எடுக்க மனசு வரவில்லை. அவளுக்கு அதுவரைக்கும் யார் யாரோ சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒரு பக்கம், இந்த விரலுக்கடியில் ஓடின கயிறு ஒரு பக்கம்.

“மித்துஸ்ரீ. மித்துஸ்ரீயோட அம்மா.” சிஸ்டர் கூப்பிட்டாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். ராக்கம்மாள் பின்னாலேயே வந்தாள். “கத்தி வைக்கிறதா இருந்தா நானும் இருப்பேன், யாரு தடுக்குறதுன்னு பாக்குறேன்.” யாரும் தடுக்கவில்லை. அறையில் டாக்டர், துரைக்கண்ணு அண்ணன், சிஸ்டர். மேலே ஒரு வட்ட விளக்கு, சுவரோரம் ஒரு நாற்காலி, பக்கத்தில் துணி விரித்த மேசை. “என்னம்மா, யோசிச்சீங்களா?” என்றார் டாக்டர். நாகஜோதி நாற்காலியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்து இல்லை, விளக்கைப் பார்த்துப் போட்டிருந்தது. பால் கட்டிக்கும். கட்டிக்கொண்டால்? ரஹ்மத் புர்காவுக்குள். எனக்கு என்ன இருக்கிறது, ஒரு நைலக்ஸ் சேலை, வழுக்குகிற சேலை. பெரிய ஊர், மயக்கம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை, கூப்பிட்டால் கேட்காது. மித்து தோளில் முகத்தைத் தேய்த்தது, பசி வேளை. இவர்கள் எல்லாரும் காத்திருக்கிறார்கள், காலுக்குக் காத்திருக்கிற மாதிரி எனக்கும் காத்திருக்கிறார்கள், இழுக்கவில்லை யாரும். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியாது. உட்கார்ந்திருந்தாள். விரல் ரவிக்கைக் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தது.

“இரு இரு இரு” என்று ராக்கம்மாள் குறுக்கே பாய்ந்தாள். தோளில் கிடந்த துண்டை ரெண்டு கையாலும் விரித்து நாகஜோதிக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டாள். “இப்பக் குடுடி. யாரு கண்ணும் படாது.” துண்டுக்கு இந்தப் பக்கம் இருட்டாக, வீட்டுச் சுவர் மாதிரி இருந்தது. பிள்ளை வாய் வைத்தது. ஒரு இழுப்பு, ரெண்டு இழுப்பு, அப்புறம் பால் இறங்குகிற அந்தச் சுரீர், அப்புறம் மூக்கால் விடுகிற பெருமூச்சு. அந்தப் பக்கத்திலிருந்து மருந்து ஈரமாகக் காலில் பட்டது, மரத்துப்போகிற ஊசி போட்டபோது ஒரு சிணுங்கல், மறுபடி குடித்தது. கால் தளர்ந்துகொண்டு வருவது நாகஜோதிக்கு மடியில் தெரிந்தது, உலக்கையாய் இருந்தது வாழைத்தண்டாகி, வாழைத்தண்டு துணியாகி. “இப்ப இளகுது” என்றார் துரைக்கண்ணு அண்ணன், தூங்குகிற வீட்டில் பேசுகிற குரலில். “இளகுது, ஆனா எனக்கு ஒண்ணும் தெரியல” என்றார் டாக்டர். “அம்மா, துண்டு வெளிச்சத்தை மறைக்குது. கொஞ்சம் இறக்குங்க.” “அதெல்லாம் இறக்க முடியாது” என்றாள் ராக்கம்மாள். “நிழல் விழுதும்மா. எந்த இடத்துல வைக்கிறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?” “எங்க வீட்டுப் பொம்பளைய சபையில உக்கார வச்சிட்டு...” குரல் ஏறியது. பிள்ளையின் வாய் ஒரு நொடி நின்றது. கால் விரல் ஒன்று சுருங்கியது. அந்தச் சுருக்கம் மடியிலிருந்து நேரே நாகஜோதியின் தொண்டைக்கு ஏறியது.

“மதினி, கையை இறக்குங்க.”

யார் சொன்னது என்று ராக்கம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சிஸ்டர்கூடப் பார்த்தாள். “நான்தான். இறக்குங்க. வெளிச்சம் வரட்டும்.” துண்டு மெல்ல மெல்லக் கீழே வந்தது. விளக்கு வெளிச்சம் தோளில் விழுந்தது, பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது, மூடாத மார்பில் விழுந்தது, கடைசியில் குதிகாலில் விழுந்தது. வெளிச்சம் இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தாள், யார் பார்க்கிறார்கள் என்று. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எல்லாரும் காலைத்தான். பால் நிற்கவில்லை. கட்டிக்கொள்ளவில்லை. மற்ற பக்கத்திலும் கசிந்து ரவிக்கையை நனைத்தது. துரைக்கண்ணு அண்ணன் பாதத்தை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்தார், டாக்டரின் இடது விரல் அந்தக் கயிற்றைத் தடவிக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது, வலது கையில் இலைநரம்பு போல மெல்லிய ஒன்று. நாகஜோதி கண்ணை மூடவில்லை. மூடினால் தான் அங்கே இல்லாமல் போய்விடுவோம் என்று பட்டது. உள்ளே போனது, ஒரு சின்னத் திருப்பல், சத்தமில்லாமல் ஏதோ விட்டுக்கொடுத்தது, அதைக் காதால் கேட்கவில்லை, மடியால் கேட்டாள். ஒரு பொட்டு ரத்தம், பஞ்சு. மித்து ஒரு தரம் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தது, என்ன, என்கிற மாதிரி, அப்புறம் மறுபடி குடித்தது. “வந்துருச்சு” என்றார் டாக்டர்.

பிறந்ததிலிருந்து மேலேயே ஏறி நின்ற குதிகால் கீழே இறங்கியிருந்தது. “மாவு நனைக்கிறதுக்குள்ள ஒரு தரம் கையை வச்சுப் பாருங்கம்மா, அப்புறம் கொஞ்ச நாளுக்குப் பாக்க முடியாது” என்றார் டாக்டர், துரைக்கண்ணு அண்ணன் இடம் விட்டார். பிள்ளையைத் தாங்கின கை போக மீதி இருந்த கையை நாகஜோதி நீட்டினாள். விரல்கள் பட்டன, நடுப்பாதம் பட்டது, அவ்வளவுதான் என்று பழக்கத்தில் கையை எடுக்கப் போனாள், அப்போது குதிகாலும் வந்து உள்ளங்கையில் படிந்தது, உருண்டையாய், இதுவரை எதையும் மிதிக்காத தோலோடு. முழுப் பாதம். கையளவுகூட இல்லை, ஆனால் முழுசு. வாளியில் துணிச்சுருள் நனைகிற சத்தம் கேட்டது, வெளியே நஸ்ரீனின் கொலுசு எங்கேயோ ஓடியது. பக்கத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு நின்ற ராக்கம்மாள் கேட்டாள், “ஏ ஜோதி, முடிஞ்சிருச்சாடி? நான் கண்ணத் தொறக்கலாமா?”

நாகஜோதி பாதத்தை விடவில்லை. “இன்னும் இல்ல மதினி” என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. “சித்த இருங்க.”